மரியநாயகி சைக்கிள் பழகின மாரி

குருநகர் மரியநாயகிக்குச் சொந்த ஊரில் இருந்த சிநேகிதத்தைவிட மருதனார்மடச் சந்தையில்தான் சிநேகிதம் கூடுதல். இருபத்துநாலு வயதில், மகள் யசிந்தா கைக்குழந்தையாக இருந்தபோது தொடங்கிய மீன் வியாபாரம். புருஷன் நீக்கிலாப்பிள்ளை வலையோடு கரையேற, அவள் பனையோலைக் கடகத்தை நிரப்பிக்கொண்டு புறப்படுவாள். ஒட்டி, திரளி, இறால், நண்டு என்று அன்றைக்குக் கிடைத்ததை வாழைச்சருகால் மூடி, யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஆறு மணிக்கு வெளிக்கிடும் பரமலிங்கத்தின் தட்டிவானில் ஏறினால், ஏழு மணிக்கு முன்னம் சந்தையில் அவளுடைய குரல் கேட்கும்.

தட்டிவான் என்றால் இரண்டு பக்கமும் திறந்த மரவண்டி. பின்னால் சங்கிலியில் தொங்கும் பலகைத் தட்டியில் கடகங்களும் சாக்குகளும் ஏறும். உள்ளே நீட்டு வாங்குகளில் சனம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். கடைசி வாங்கின் இடது மூலை மரியநாயகியுடையது. அதற்குப் பக்கத்து இடம் கத்தரீனாவுடையது. கத்தரீனா இரண்டு ஒழுங்கை தள்ளி இருப்பவள், அதே சந்தையில் கருவாடு விற்பவள். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் சீலைத்தலைப்பை விரித்து இடம் பிடித்து வைப்பாள். பத்தொன்பது வருஷம் அப்படித்தான் போனது.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு மாரி கொஞ்சம் பிந்தித் தொடங்கினாலும் விடாமல் பெய்தது. கரையோர ஒழுங்கைகளில் முழங்காலளவுக்கு வெள்ளம். கிணறும் மலக்குழியும் ஒன்றாகிப் போயின. சண்டையால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் ஒரு வீட்டில் நாலாகவும் ஐந்தாகவும் இருந்த காலம். விறகு நனைந்துபோய்த் தண்ணீர் கொதிக்க வைப்பதே பெரிய பாடு. சவர்க்காரம் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. கார்த்திகைக் கடைசியில் சத்தியும் வயிற்றோட்டமும் தொடங்கியது. முதலில் குருநகரில் நாலு பேர். பிறகு பாசையூரில். ஒரு கிழமைக்குள் வாந்திபேதி என்ற சொல் பட்டணம் முழுக்கப் பரவிவிட்டது.

வருத்தம் தொற்ற முன்னம் பயம் ஊர் சுற்றியது. பரமலிங்கத்தின் வானில் நாற்பது பேர் ஏறின இடத்தில் ஏழு பேர் ஏறினார்கள். அந்த ஏழு பேரும் ஆளுக்கொரு வாங்கில், மூக்கைக் கைலேஞ்சியால் பொத்திக்கொண்டு, வெளியே முகத்தை நீட்டியபடி இருந்தார்கள். கலியாணவீடுகளுக்குச் சனம் போகவில்லை. செத்தவீட்டுக்குப் போனவர்களும் வாசல் படலையில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினார்கள். சந்தித் தேத்தண்ணிக் கடையில் கிளாசைக் கையால் தொட ஆளில்லை. காங்கேசன்துறை வீதியில் சைக்கிள்கள் மட்டும் பெருகிக்கொண்டே போயின. சைக்கிளில் முன்னுக்கும் பின்னுக்கும் ஆளில்லை, பக்கத்திலும் ஆளில்லை. அதுதான் சனத்துக்கு நிம்மதி. அதுவரை காரில் போய்வந்த கந்தோர்ப் பெரியவர்கள்கூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மிதித்தார்கள். நாலு தரம் ஓடிய தட்டிவான் இரண்டு தரமாகக் குறைந்தது.

மார்கழி முதற் கிழமையில் கத்தரீனா விழுந்தாள்.

விடியற்காலை தொடங்கி ஏழு மணிக்குள் ஆளை அடையாளம் தெரியவில்லை. கண் குழிவிழுந்து, கைவிரல் தோல் சுருங்கி, குரலும் அடைத்துவிட்டது. மரியநாயகி பட்டணத்துக்கு ஓடினாள். முதலாவது கார்க்காரன், பெற்றோல் தடைக்குப் பிறகு காருக்கு ஊற்றுகிற மண்ணெண்ணெய் இல்லை என்றான். இரண்டாவது கார்க்காரன் கதவைத் திறக்காமலே கையை விரித்தான். பரமலிங்கம் அடுத்த ஓட்டத்துக்கு வானை வெளிக்கிடுத்திக்கொண்டிருந்தான். பத்தொன்பது வருஷப் பழக்கம் என்ற நம்பிக்கையோடு அவனிடம் போனாள்.

"தம்பி, கத்தரீனாவுக்குக் கடுமை. பெரியாஸ்பத்திரி மட்டும்தான். பத்து நிமிஷ வேலை."

அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. "அக்கா, ஏத்தினன் எண்டு தெரிஞ்சால் நாளைக்கு ஒருத்தரும் என்ரை வானிலை ஏறாயினம். குறை நினையாதையுங்கோ."

கடைசியில் மீன் ஏற்றுகிற கைவண்டியில் சாக்கை விரித்துக் கத்தரீனாவைக் கிடத்தி, நீக்கிலாப்பிள்ளையும் இன்னொருவரும் வெள்ளத்துக்குள்ளால் தள்ளிக்கொண்டு போனார்கள். மரியநாயகி பக்கத்தில் குடை பிடித்தபடி நடந்தாள். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மத்தியானம் வரை உயிர் இருந்தது. "ஒரு மணித்தியாலம் முந்திக் கொண்டு வந்திருக்கலாமே அம்மா" என்று இளம் டொக்டர் கேட்டபோது அவளிடம் பதில் இருந்தது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் சொல்லி என்ன பிரயோசனம் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து ஐந்தாம் நாள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே என்று, கடகத்தோடு வான் நிற்கும் இடத்துக்குப் போனாள். மதிலில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. தட்டிவான் சங்கத்தின் அறிவித்தல். நோய் பரவுவதைத் தடுக்குமுகமாக மீன் கடகங்கள் ஏற்றப்படமாட்டா. கரையோரப் பகுதியார் சுகத்துக்கு அத்தாட்சித் துண்டு காட்டினால் மட்டுமே பயணம் செய்யலாம். சங்கச் செயலாளர் இளையதம்பி, கண்ணாடி போட்ட ஓய்வுபெற்ற லிகிதர், தானே வந்து கடதாசிக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஐயா, உந்தத் துண்டை ஆர் தருவினம்?" என்று கேட்டாள் மரியநாயகி.

"அது உங்கடை பகுதியாலை ஒழுங்கு செய்யவேணும்."

"இணுவிலாருக்கும் தாவடியாருக்கும் துண்டு தேவையில்லையோ?"

"அங்கை வருத்தம் இல்லையே, பிள்ளை."

"மீன் நாத்தம் பிடிக்காதெண்டால் நாத்தமெண்டு சொல்லுங்கோ ஐயா. வருத்தத்தைச் சாட்டாதையுங்கோ."

இளையதம்பியருக்கு முகம் சிவந்துவிட்டது. பரமலிங்கம் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்தான். மரியநாயகி கடகத்தைத் தலையில் ஏற்றினாள். வான் அவளைத் தாண்டிப் போனது. அவள் நடந்தாள்.

தட்டாதெரு, கொக்குவில், தாவடி, இணுவில் என்று ஐந்து மைலுக்குக் கிட்ட. நடக்கிறது அவளுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் மழைச் சேற்றில் தலைச்சுமையோடு சந்தைக்குப் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. இறால் நிறம் மாறத் தொடங்கியிருந்தது, வாங்குகிறவர்களில் கனபேர் போய்விட்டார்கள். திரும்பி வரும் வழியில், கொக்குவில் சந்தியில் ஒரு மரத்தடியில் நின்று, போகிற வருகிற சைக்கிள்களைப் பார்த்தாள். பத்து நிமிஷத்தில் ஐம்பதுக்கு மேல் போயின. அதில் பாதி பெண்பிள்ளைகள். வீட்டுக்கு வந்ததும் யசிந்தாவைக் கூப்பிட்டாள்.

"பிள்ளை, உன்ரை சைக்கிளைக் கொண்டா."

யசிந்தா தட்டெழுத்து வகுப்புக்குப் போய்வரும் லேடீஸ் சைக்கிள் அது. "ஏனம்மா?"

"நான் ஓடப் பழகப்போறன்."

வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளைக்கு ஊசி கையால் விழுந்தது. "நாப்பத்துமூண்டு வயசிலையோ? இடுப்பு முறிஞ்சால் ஆரடியப்பா பாக்கிறது?"

"நீங்கள்தான். வேறை ஆர்?"

வேதக்கோயில் வளவுக்குள் மழை விட்ட மத்தியானங்களில் பழகினாள். யசிந்தா பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். முதல் நாள் ஆறு தரம் விழுந்தாள். ஒருதரம் குருசு மரத்தோடு போய் மோதினாள். சீலை செயினுக்குள் சிக்கியது. சின்னப்பிள்ளைகள் மதிலில் ஏறி நின்று சிரித்தார்கள். "சிரியுங்கோ, சிரியுங்கோ, சிரிச்சு முடியத் தள்ளி விடுங்கோ" என்றாள். மூன்றாம் நாள் சீலையைக் கெண்டைக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு வளவை இரண்டு சுற்றுச் சுற்றினாள். நாலாம் நாள் நீக்கிலாப்பிள்ளையே கரியரில் பலகைப்பெட்டி ஒன்றை வைத்து, பழைய ரியூப்பை வெட்டி இறுக்கிக் கட்டினார். பெட்டிக்கு உள்ளே தகரம் அடித்தார். மீன் தண்ணீர் றோட்டில் ஒழுகக்கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள் ஆறு மணிக்கு அவள் வெளிக்கிட்டாள். தட்டாதெருவுக்குக் கிட்ட ஒரு நாய் குறுக்கே வந்து விழப் பார்த்தாள். மற்றபடி ஒன்றுமில்லை. ஏழே காலுக்கு மருதனார்மடம். வழியெல்லாம் காற்று முகத்தில் அடித்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை, யாரும் ஒதுங்கி இருக்கவில்லை. ஒதுங்க ஆளே இல்லை. இத்தனை வருஷம் வான்காரனின் நேரத்துக்கு வாழ்ந்துவிட்டேனே என்று நினைத்தபோது அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது.

அடுத்த கிழமை அவளுக்குப் பின்னால் கத்தரீனாவின் தங்கை அற்புதராணி வந்தாள். நத்தார்ப் பண்டிகைக்கு முன்னம் பதினொரு பேர். சில பேர் சைக்கிள் ஓட, சில பேர் பெட்டியை மற்றவளின் கரியரில் கொடுத்துவிட்டுக் கூட நடந்தார்கள். தாவடிச் சனம் படலையில் நின்று வேடிக்கை பார்த்தது. பிறகு பார்த்துப் பழகிவிட்டது.

ஆனால் சந்தையில் மீன் வாங்கத்தான் சனம் பயந்தது. அப்போதுதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அடைக்கலநாதன் வந்தார். மெலிந்த மனிதர், மழைக்கோட்டோடு பகல் முழுக்கச் சைக்கிளில் திரிபவர். சந்தை நடுவில் நின்று பலத்த குரலில் சொன்னார்: உந்த வருத்தம் காற்றால் வராது, பக்கத்தில் இருந்தாலும் வராது. அழுக்குத் தண்ணீராலும் கழுவாத கையாலும்தான் வரும். கொதித்தாறின தண்ணீர் குடியுங்கள், மீனை நல்லாக அவியுங்கள், கையைக் கழுவுங்கள். ஆருக்கும் வயிற்றாலை போனால் ஒரு லீற்றர்த் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து உடனே பருக்கத் தொடங்குங்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் பருக்குங்கள்.

மரியநாயகி அவரை மறித்தாள். "அப்ப பக்கத்திலை இருந்தால் தொத்தாதோ, ஐயா?"

"பக்கத்திலை இருந்தால் தொத்தாது. தொட்ட கையைக் கழுவாமல் வாயிலை வைச்சால்தான் தொத்தும்."

"அப்ப கத்தரீனாவைக் காரிலை ஏத்தியிருந்தாலும் ஒருத்தருக்கும் ஒண்டும் வந்திராது."

"காரைக் கழுவினால் போதும்" என்றார் அவர், யார் கத்தரீனா என்று தெரியாமலே. அன்றிலிருந்து மரியநாயகியின் சைக்கிள் ஹாண்டிலில் கொதித்தாறின தண்ணீர்ப் போத்தலும், பொலித்தீனில் சுற்றின சவர்க்காரத் துண்டும் தொங்கின. மீன் வெட்டுகிற பலகையைச் சனத்துக்கு முன்னாலேயே கழுவிக் காட்டினாள். மெல்ல மெல்ல வாங்குகிறவர்கள் திரும்பி வந்தார்கள்.

தை பிறக்க இரண்டு மூன்று நாள் இருக்கும். சந்தை முடிந்து பதினொரு மணிபோல வெறும் பெட்டியோடு வந்துகொண்டிருந்தாள். தாவடியில் மதகுக்குப் பக்கத்தில் பரமலிங்கத்தின் வான் நின்றது. பயணிகள் பத்துப் பன்னிரண்டு பேர் இறங்கி வேலியோரமாகத் தூரத்தில் நின்றார்கள். கொண்டக்டரைக் காணவில்லை. பரமலிங்கமும் றோட்டின் மற்றப் பக்கத்தில், கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, கிட்டப் போகாதையுங்கோ!"

உள்ளே வாங்குக்குக் கீழே ஒரு பொம்பிளை சுருண்டு கிடந்தாள். இணுவில் மகாதேவி ரீச்சர். பட்டணத்துக்கு ஏதோ அலுவலாக வெளிக்கிட்டவள், வழியில் சத்தி எடுத்து, சீலையெல்லாம் நனைந்து, வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பதினைந்து நிமிஷமாக ஒருவரும் அவளுக்குக் கிட்டப் போகவில்லை.

மரியநாயகி சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, தண்ணீர்ப் போத்தலையும் சவர்க்காரத்தையும் எடுத்துக்கொண்டு வானுக்குள் ஏறினாள். ரீச்சரின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"ரீச்சர், பயப்பிடாதையுங்கோ. கண்ணைத் திறவுங்கோ. நான் மீன்கார மரியநாயகி."

"எனக்கு... வெக்கமாய் இருக்கு."

"உடம்பு செய்யிற வேலைக்கு என்ன வெக்கம்?" பிறகு வெளியே பார்த்துச் சத்தம் போட்டாள். "ஆராவது உந்தக் கடையிலை போய்ச் சீனியும் உப்பும் வாங்கிக்கொண்டு வாங்கோ! ஒரு கரண்டியும்! பாத்துக்கொண்டு நிக்கிறதுக்குத் துண்டு தேவையில்லையே!"

ஒரு கிழவர் ஓடிப்போய் வாங்கிவந்து வாங்கின் நுனியில் வைத்துவிட்டு விலகினார். அவள் போத்தலில் அளந்து போட்டுக் குலுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினாள்.

"தம்பி, வானை எடு."

பரமலிங்கம் அசையவில்லை. "அக்கா, சங்கம் என்னை ஓட விடாது..."

"அண்டைக்கும் உந்தக் கதையைத்தான் சொன்னாய்." அவள் குரல் உயரவில்லை. "வானைக் கழுவலாம். பிளீச்சிங் பவுடர் நான் வாங்கித் தாறன், நானே கழுவியும் தாறன். கத்தரீனாவை இனி எழுப்பேலாது. எடு வானை."

அவன் ஏறினான். வழியில் எங்கும் நிறுத்தாமல், கோர்ணை விடாமல் அடித்துக்கொண்டு, பெரியாஸ்பத்திரி வாசலுக்குள் கொண்டுபோய் விட்டான். மரியநாயகி வழி முழுக்கப் பருக்கிக்கொண்டே இருந்தாள். ரீச்சரை உள்ளே எடுத்த பிறகு, குழாயடியில் முழங்கை வரைக்கும் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். பரமலிங்கத்தையும் கழுவச் சொன்னாள். அவன் கழுவும்போது அழுதான். அவள் ஆறுதல் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றாள், அவ்வளவுதான். பிறகு இரண்டு பேருமாக வாளியும் தும்புத்தடியுமாக வானைக் கழுவினார்கள்.

ரீச்சர் நாலாம் நாள் வீட்டுக்குப் போனாள். இணுவிலிலும் வருத்தம் இருக்கிறது என்பது அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. துண்டு கேட்கும் சட்டத்துக்கு இனி என்ன பொருள் என்று சனம் கேட்கத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் சங்கம் கூட்டம் வைத்தது. அடைக்கலநாதனும் வந்திருந்தார். குருநகரிலிருந்து பதினொரு பெண்கள் சைக்கிளில் வந்து, வாசலில் வரிசையாக நிறுத்திவிட்டு, பின்வாங்கில் இருந்தார்கள்.

இளையதம்பியர் நீளமாகக் கதைத்தார். சனத்தின் பாதுகாப்பு, சங்கத்தின் பொறுப்பு, எச்சரிக்கை. முடிந்ததும் மரியநாயகி எழும்பினாள்.

"ஐயா, நாங்கள் இஞ்சை வான் கேட்டு வரேல்லை. எங்களிட்டைச் சைக்கிள் இருக்கு. வருத்தக்காரருக்குத்தான் வான் கேட்டு வந்தனாங்கள். நீங்கள் மறிச்சது கடகத்தை. வருத்தம் அதாலை வரேல்லை எண்டு இந்தா நிக்கிற ஐயாவே சொல்லுறார். வருத்தம் வந்த ஆளை ஆர் ஏத்துறது எண்டு உந்த அறிவித்தலிலை ஒரு வரியும் இல்லை. அப்பிடி ஒரு ஒழுங்கு முந்தியே இல்லாததாலைதான் ஒருத்தி செத்துப்போனாள்."

பரமலிங்கம் எழும்பினான். "கத்தரீனாவை ஏத்தாத வான் என்ரை வான்தான். அண்டைக்குக் கேட்டவை, நான் ஏத்தேல்லை. பயந்திட்டன்." அவ்வளவும் சொல்லிவிட்டு வாங்கில் இருந்தான்.

இளையதம்பியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனையை எடுத்தார். லிகிதர் அல்லவா, ஒரு சொல் தவறாமல் எழுதினார். அத்தாட்சித் துண்டு வேண்டியதில்லை. வாங்குக்கு நாலு பேர்தான், அதற்கு மேல் ஏற்றக்கூடாது. ஒவ்வொரு ஓட்டமும் முடியப் பிளீச்சிங் தண்ணீரால் கழுவவேண்டும். வான் நிற்கிற இடமெல்லாம் மூடின குடத்தில் கொதித்தாறின தண்ணீர். தினமும் முறைவைத்து ஒரு வான், பயணியில்லாமல், வருத்தக்காரருக்கென்று பட்டணத்தில் நிற்கவேண்டும். யார் கூப்பிட்டாலும், எந்தத் தெருவாக இருந்தாலும் போகவேண்டும். கடகத்தைப் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை. உள்ளே வரக்கூடாது, தகரம் அடித்த பெட்டியாகத் தட்டியில்தான் ஏற்றலாம் என்றார்.

"பெட்டி தட்டியிலை நிக்கட்டும், ஐயா. நாங்கள் உள்ளுக்கை இருப்பம்" என்றாள் மரியநாயகி.

"இருங்கோ, இருங்கோ. ஆர் வேண்டாமெண்டது?" என்றார் அவர். மண்டபத்தில் அன்றைக்கு முதல்தரம் சிரிப்புக் கேட்டது.

முறை வான் முதல் கிழமையிலேயே ஒன்பது பேரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. அதில் இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. ஏழு பேர் நடந்து வீட்டுக்கு வந்தார்கள். பரமலிங்கம் தன் முறைநாளைத் தவறவிட்டதேயில்லை, மற்றவர் முறையையும் கேட்டு வாங்கி ஓடினான். மாசியில் மழை விட்டு, வெள்ளம் வற்றி, கிணறுகளுக்குக் குளோரின் போட்டு முடிய வருத்தம் அடங்கியது. கலியாணவீடுகளில் மறுபடியும் சனம் நிறைந்தது. வான்களில் நாலு பேர் இருந்த வாங்கில் மெல்ல ஆறு பேர் இருக்கத் தொடங்கினார்கள். அதை யாரும் தடுக்க முடியவில்லை.

ஆனால் சைக்கிளுக்குப் போனவர்களில் கனபேர் வானுக்குத் திரும்பவில்லை. மரியநாயகியும் திரும்பவில்லை. கடைசி வாங்கின் மூலை காலியாகத்தான் இருக்கிறது என்று பரமலிங்கம் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான்.

"எனக்கு இப்ப உன்ரை வான் போற இடம் மட்டும் காணாது, தம்பி" என்றாள்.

உண்மைதான். பங்குனியில் ஒரு நாள் சந்தை முடிந்து வரும்போது, குறுக்கு றோட்டால் பலாலி வீதிக்கு ஏறி, பட்டணத்துக்குப் பக்கத்துத் திருநெல்வேலியைப் பார்த்துவிட்டு வந்தாள். பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கும் வீடுகளில் சமைக்கிற அம்மாக்கள் படலையிலேயே மீன் கேட்டார்கள். அங்கே எந்தத் தட்டிவானும் அந்த நேரத்தில் போவதில்லை. சித்திரையில் அவள் ஒழுங்கு வைத்துக்கொண்டாள்: கிழமையில் மூன்று நாள் மருதனார்மடம், மூன்று நாள் திருநெல்வேலி, ஞாயிறு பூசை. அற்புதராணி கோண்டாவில் பக்கம் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த மாரிக்கு முன்னம், புரட்டாசியில், இளையதம்பியரின் கடிதம் ஒன்று வந்தது. மழைக்காலப் போக்குவரத்து ஒழுங்குகள் பற்றிக் கதைக்க நிருவாகக் கூட்டத்துக்கு வரும்படி, குருநகர் திருமதி மரியநாயகி நீக்கிலாப்பிள்ளை அவர்களுக்கு. யசிந்தா அதை வாசித்துக் காட்டினாள். நீக்கிலாப்பிள்ளை திரும்ப ஒருதரம் வாசிக்கச் சொன்னார்.

"எப்ப கூட்டம்?" என்று கேட்டாள் மரியநாயகி, ரயரில் காற்றுப் பார்த்துக்கொண்டே.

"வாற ஞாயிறு, நாலு மணிக்கு."

"சரி. முறை வான் ஒண்டு காணாது, இரண்டு வேணுமெண்டு கேக்கவேணும்" என்றுவிட்டு, சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். அன்றைக்குத் திருநெல்வேலிநாள்.